வானத்து குடோனுக்கு ரெண்டு பூட்டு

வெள்ளிக்கிழமை காலை, மேற்குத் தாம்பரம் 'அஜீசா ஃபுட்கேர்' கடையில் வாங்கி வைத்த புதுக் கம்ப்யூட்டர், முதல் வேலையாக சௌகத் அலியிடம் சாவி கேட்டது.

சாவியில் பாதி அவரிடம் இருந்தது. மீதிப் பாதி கூடுவாஞ்சேரியில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த மீதிப் பாதியின் பெயர் ஜாகிர். அஜீசாவின் தம்பி, சௌகத் அலியின் மச்சான், கடையில் சரிபாதிப் பங்காளி. போன வாரம் அவன் வெளியேறியது அஸ்தினாபுரம் ஸ்ரீரங்கன் சார் வாங்கிய ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பால். சர்க்கரை நோயாளிகளின் காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது அது. ஜாகிர் விலை சொல்லி, "இதான் சார் கடைசி" என்று கையை விரித்திருந்தான். அந்த நேரம் பார்த்து, சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு படியிறங்கி வந்த சௌகத் அலி, "சார் நம்ம சார்ப்பா, ஐம்பது குறைச்சுக்க" என்றார்.

மச்சானின் மீசையைக் கேலி செய்யலாம். அவன் மாமனார் வீட்டு பிரியாணியில் கறியைத் தேடலாம். ஆனால் அவன் வாடிக்கையாளரிடம் 'கடைசி' என்று சொன்ன பிறகு அதற்குக் கீழே ஒரு விலை சொல்வது, நடு மார்க்கெட்டில் லுங்கியை உருவுவதற்குச் சமம். ஜாகிர் அன்றைக்கே மனைவியோடு கூடுவாஞ்சேரியில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான்.

அதோடு விட்டிருந்தால் இரண்டு நோன்பு, ஒரு பெருநாள் தாண்டித் தானாகச் சரியாகியிருக்கும். ஆனால் புதன்கிழமை மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக ஆட்டம் காட்டியதில் கடைக் கம்ப்யூட்டர் கருகியது. ரிப்பேர் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்து, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குள் இருந்தவை கால்கள். குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்திய முகாமுக்கு மதுராந்தகம், செய்யூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கண்ணாடித் தட்டில் ஏறி நின்று ஸ்கேன் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பாதங்கள். எங்கே புண் இருக்கிறதோ அங்கே செருப்பில் பள்ளம் விழ வேண்டும். அந்தப் பள்ளத்தை ஸ்கேனைப் பார்த்துத்தான் கட்டிங் மெஷின் வெட்டும். ஸ்கேன் இல்லாவிட்டால் அந்த மெஷின், டிபன் வைத்துச் சாப்பிட வசதியான ஒரு மேஜை. அதை வாங்கியதே இந்த ஆஸ்பத்திரி ஆர்டரை நம்பி.

ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கொடுக்க வேண்டும்.

நல்லவேளை, கால்களுக்கெல்லாம் நகல் இருந்தது. கெட்டவேளை, அந்த நகலைப் பூட்டியது சௌகத் அலியும் ஜாகிரும்.

கடைக்கு மேலே வீடு. வீட்டுக்கு மேலே வாடகைக்குக் குடியிருப்பவள் நித்யஸ்ரீ, சிறுசேரியில் ஐ.டி. வேலை. போன வருஷம் அவள்தான் பேக்கப் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தாள். எந்தெந்த ஃபோல்டர் போக வேண்டும், தினமும் கடை சாத்திய பிறகு தானாகப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தாள். சௌகத் அலி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எங்கம்மா போய் உட்காருது?"

"க்ளவுட்ல அங்கிள். அந்தக் கம்பெனியோட சர்வர்ல."

"அது எந்த ஊர்ல கீது?"

"மும்பைன்னு செலக்ட் பண்ணியிருக்கேன்."

"நீ போய்ப் பார்த்திருக்கியா?"

"யாருமே போய்ப் பார்க்க மாட்டாங்க அங்கிள்."

"பார்க்காத குடோன்ல சரக்கை இறக்கச் சொல்ற."

அடுத்த பக்கத்தில் அந்த சாஃப்ட்வேர் ஒன்று கேட்டது: சாவியை நாங்களே வைத்துக்கொள்ளட்டுமா, உங்கள் சாவியை நீங்களே போட்டுக்கொள்கிறீர்களா? அந்த நிமிஷம்தான் சௌகத் அலிக்கு அந்தக் கம்பெனி மேல் மரியாதை வந்தது.

"சொந்தச் சாவி வேணாம் அங்கிள்," என்றாள் நித்யஸ்ரீ. "அது மறந்துபோச்சுன்னா அவங்களாலயே திறக்க முடியாது."

"அதுக்குப் பேருதாம்மா பூட்டு. குடோன்காரனும் திறக்கலாம்னா அதுக்குப் பேரு கதவு."

அதன் பிறகு நடந்ததை நித்யஸ்ரீ ஆபீஸில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பல்லாவரத்தில் தோல் மண்டி வைத்திருந்த காலத்திலிருந்து இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். குடோன் ஷட்டரின் இடப்பக்கம் ஒரு பங்காளியின் பூட்டு, வலப்பக்கம் இன்னொரு பங்காளியின் பூட்டு. இருவரும் நேரில் வந்தால்தான் ஷட்டர் ஏறும். சாவியை ஆளிடம் கொடுத்து அனுப்புவது கிடையாது.

வானத்து குடோனுக்கும் அதே சட்டம்தான் என்று முடிவானது. பாஸ்வேர்டின் முன்பாதியை சௌகத் அலி அடித்தார். அதுவரை ஜாகிர் சுவரைப் பார்த்து நின்றான். பின்பாதியை ஜாகிர் அடித்தான். சௌகத் அலி சுவரைப் பார்த்தார். சாஃப்ட்வேர் இன்னொரு தடவை கேட்டது. இன்னொரு தடவை சுவர். ஒவ்வொரு முறையும் கடைசியில் பட்டனை யார் அழுத்துவது என்று தகராறு வந்ததால், அஜீசாவை உட்கார வைத்து, இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்கள். வெளியே படியில் உட்கார வைக்கப்பட்ட நித்யஸ்ரீக்கு, இவர்கள் பாஸ்வேர்டு போடுகிறார்களா, தொழுகைக்கு நிற்கிறார்களா என்று கடைசி வரை பிடிபடவில்லை.

இப்போது அதே நித்யஸ்ரீ, அதே நாற்காலியில். இன்றைக்கு அவளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. லாகின் ஆகிவிட்டது. சௌகத் அலியின் போனுக்கு வந்த ஓ.டி.பி.யும் ஆகிவிட்டது. ஃபோல்டர்கள் பெயரோடு வரிசையாகத் தெரிந்தன. தொட்டால், சாவி.

"கம்பெனிக்கு போன் போடும்மா," என்றார் சௌகத் அலி.

போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் ரொம்பவும் தன்மையாகப் பேசினாள். தன்மையாகப் பேசுகிறவர்களிடம் விலை இறங்காது என்று சௌகத் அலிக்குத் தெரியும். இருந்தாலும் முயன்று பார்த்தார்.

"பாதி சாவி என்கிட்ட கீதுன்னு சொல்லு. பாதி சரக்கை இறக்கட்டும்."

"அப்படியெல்லாம் கிடையாது அங்கிள்."

"வலது கால் மட்டும் கொடுக்கச் சொல்லு. இடது காலை நாம குத்துமதிப்பா வெட்டிக்கலாம்."

நித்யஸ்ரீ அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தடுமாறி, சொல்லாமலே விட்டாள். "சாவி அவங்ககிட்ட இல்லவே இல்லையாம் அங்கிள். நீங்கதான் வேணாம்னீங்களாம்."

"அப்ப எதுக்கு மாசா மாசம் வாடகை வாங்கறான்?"

சௌகத் அலி ஸ்கிரீனைப் பார்த்தார். சரக்கு கண்ணுக்கு எதிரே இருக்கிறது; இல்லை, மும்பையில் இருக்கிறது. அவருடையது, ஆனால் அவரால் தொட முடியாது. திருட்டும் போகவில்லை. எந்தப் போலீசில் என்னவென்று சொல்வது?

போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் பாதப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஹில்டா சிஸ்டர்.

"பாய், ஞாயித்துக்கிழமை காலைலயே வந்து உட்கார்ந்துடுவாங்க. புண்ணுக் காலோட அவ்ளோ தூரம் வர்றவங்களை வெறுங்கையோட அனுப்ப என்னால முடியாது. ரெடியா இருக்குல்ல?"

"இருக்கு சிஸ்டர்."

"முடியலைன்னா பரவாயில்ல. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, வேற இடம் பார்த்துக்கறேன். அப்புறம் அடுத்த முகாமும் அவங்களுக்கே போயிடும், அதையும் சொல்லிடறேன்."

"சேச்சே, முடியும் சிஸ்டர்."

போனை வைத்த பிறகும் 'முடியும்' என்ற வார்த்தை அவர் வாயிலேயே, மெல்ல முடியாத கறித்துண்டு போலக் கிடந்தது.

மாடியிலிருந்து அஜீசா இறங்கி வந்தாள். நித்யஸ்ரீக்கு ஒரு டம்ளர் டீ வைத்தாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜாகிரு, ஸ்கேனெல்லாம் இறக்கணும்டா. உன் பாதியைச் சொல்லு."

"போன்லயா?" கூடுவாஞ்சேரி மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே ஜாகிரின் குரல் வந்தது. "சாவியைப் போன்ல அனுப்பற வழக்கம் நம்ம வூட்ல எப்பக்கா வந்துச்சு?"

"அப்ப நேர்ல வா."

"வர்றேன். ஆனா அந்த ஸ்ரீரங்கன் சார் கடையில இருக்கணும். அவர் முன்னாடி மச்சான் சொல்லணும், நான் சொன்னதுதான் விலைன்னு."

"அந்த சார் என்ன ஜமாத் தலைவரா, அவர் முன்னாடி நான் பஞ்சாயத்துக்கு நிக்க?" என்றார் சௌகத் அலி சத்தமாக.

"மச்சான் யோசிக்கிறாரு," என்றாள் அஜீசா போனில்.

"காதுல வுழுந்துச்சுக்கா."

"விழுந்துச்சுல்ல. அப்ப ஜும்மா முடிச்சிட்டு வா. சாப்பாடு இங்கதான்."

போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "வர்றான். ஸ்ரீரங்கன் சாரைக் கூப்பிடுங்க."

"ஏன் அஜீசா, இவ்ளோ பேரு தேவையா ஒரு கதவு திறக்க?"

"கதவுன்னா தேவையில்ல. நீங்கதான பூட்டுன்னீங்க."

ஸ்ரீரங்கன் சார் ரிட்டயர்டு தலைமைக் குமாஸ்தா. "அன்னிக்கு வாங்கின செருப்பு விஷயமா கொஞ்சம் கடை வரைக்கும் வர முடியுமா சார்?" என்ற ஒரே வாக்கியத்தில் அவருக்குப் பல கவலைகள் வந்தன. செருப்பில் ஏதோ கோளாறு. இல்லை, தன் காலில் ஏதோ கோளாறு, அன்றைக்குக் கடையில் எடுத்த ஸ்கேனில் தெரிந்திருக்கிறது, போனில் சொல்லத் தயங்குகிறார்கள். அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம் வரை ஷேர் ஆட்டோவில் கட்டை விரலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மதியம் ஜும்மா தொழுகை முடிந்து தெரு மறுபடியும் நிறைந்தபோது, பழைய செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, புதுச் செருப்பைப் பையில் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். இன்னொரு கையில் ஐம்பது ரூபாய் நோட்டு.

"பாய், செருப்பு வேணுமா, ஐம்பது வேணுமா? எதுன்னு சொல்லிடுங்கோ, எனக்குப் படபடன்னு வருது."

"ரெண்டும் வேணாம் சார். நீங்க உட்காருங்க போதும்."

"உட்காரறதுக்கா கூப்பிட்டேள்?"

அப்போது ஜாகிர் உள்ளே வந்தான். வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி, முகத்தில் ஒன்றும் இல்லை. மச்சானுக்கு சலாம் சொன்னான். சௌகத் அலியும் பதில் சலாம் சொன்னார். பிறகு இருவரும் ஸ்ரீரங்கன் சாரைப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கன் சார் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சௌகத் அலி தொண்டையைக் கனைத்தார். "சார், அன்னிக்கு மச்சான் சொன்னான் பாருங்க, அதான் விலை. அவன் சொன்னப்புறம் நான் குறைச்சது தப்பு."

"அப்படியா," என்றார் ஸ்ரீரங்கன் சார். என்ன நடக்கிறது என்று யாராவது சொல்வார்களா என்று நித்யஸ்ரீயைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். "அப்போ நான் இந்த ஐம்பதைத் தரணுமா?"

"வேணாம் சார்," என்றார் சௌகத் அலி.

"தரணும் சார்," என்றான் ஜாகிர்.

ஸ்ரீரங்கன் சாரின் கையில் நோட்டு முன்னும் பின்னும் போய் வந்தது.

"வாங்கலேன்னா அது எப்படி விலையாகும் மச்சான்? வாயால சொன்னா போதுமா?"

"குறைச்சுத் தர்றேன்னு அவருக்கு நான் சொன்ன வாக்கு என்ன ஆவும்?" என்றார் சௌகத் அலி.

"மன்னிப்பு இவருக்கு, அபராதம் எனக்கா?" என்றார் ஸ்ரீரங்கன் சார் பரிதாபமாக.

ஜாகிர் அந்த ஐம்பது ரூபாயை மரியாதையாக வாங்கிக் கல்லாவில் போட்டான். அலமாரியைத் திறந்து, மெத்தென்ற இன்சோல் ஒரு ஜோடி எடுத்து அவர் பையில் வைத்தான். அதன் விலை ஐம்பதைவிட எவ்வளவோ அதிகம். "இது என் கையால சும்மா, சார். விலையில குறைக்கல."

ஐம்பது ரூபாய் கொடுத்து ஜெயித்தாரா தோற்றாரா என்று கணக்குப் போட்டபடியே ஸ்ரீரங்கன் சார் படியிறங்கினார். மச்சான்கள் இருவரும் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார்கள்.

"ஸ்டார்ட் பண்ணலாமா?" என்றாள் நித்யஸ்ரீ.

ஜாகிர் சுவரைப் பார்த்துத் திரும்பினான். சௌகத் அலி ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் பாதியை அடித்தார். பிறகு அவர் சுவர் பக்கம் போக, ஜாகிர் வந்து கடகடவென்று தன் பாதியை அடித்தான். ஸ்கிரீனில் புள்ளிகள் வரிசையாக நின்றன. நித்யஸ்ரீ பட்டனை அழுத்தினாள்.

சாவி பொருந்தவில்லை என்றது.

"ஏதாவது விரல் தப்பி விழுந்திருக்கும்," என்றாள். "இன்னொரு தடவை, மெதுவா."

மறுபடி சுவர். மறுபடி புள்ளிகள். மறுபடி பொருந்தவில்லை. கேப்ஸ் லாக்கைப் பார்த்தாள். கீபோர்டைக் கழற்றி மாட்டினாள். ஜாகிர் முதலில், சௌகத் அலி பிறகு என்று மாற்றியும் அடிக்கச் சொல்லிப் பார்த்தாள். மும்பைக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"மச்சான், நீங்க மறந்துட்டீங்க," என்றான் ஜாகிர்.

"என் பாதியையா? தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன்."

"அப்ப இப்ப சொல்லுங்க."

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"பார்த்தியா நித்யா, சொல்ல மாட்டேன்றாரு. இன்னாத்துக்கு?"

"நீ மட்டும் சொல்லிடுவியா? வேணும்னே தப்பா அடிச்சிட்டு, ஆர்டர் போனா மச்சான் காலுல விழுவான்னு பார்க்கறியா?"

"காலுல வுழ வெக்கணும்னா நான் ஏன் மச்சான் வெயில்ல ட்ரெய்ன் புடிச்சு வந்துகினு இருக்கேன்? கூடுவாஞ்சேரியிலயே குந்திகினு இருந்திருப்பேனே."

அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் சௌகத் அலியைக் குழப்பியது. எதிராளி பொய் சொன்னால் சமாளிக்கலாம். அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. இவன் உண்மை சொல்கிறான். அவரும் உண்மை சொல்கிறார். இரண்டு உண்மையும் சேர்ந்தால் பொய்யாகிறது. இப்படி ஒரு வியாபாரத்தை அவர் பார்த்ததில்லை.

"அங்கிள்," என்றாள் நித்யஸ்ரீ மெதுவாக, "வேற வழியில்ல. ரெண்டு பேரும் தனித்தனியா என் காதுல சொல்லுங்க. நானே அடிக்கிறேன்."

"மாட்டேன்," என்றார்கள் இருவரும். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

போன் அடித்தது. ஹில்டா சிஸ்டர். சௌகத் அலி போனையே பார்த்தார். எடுத்தால் இந்தத் தடவை 'முடியும்' என்று வாய் வராது. மெஷினைப் பார்த்தார். அதன் மேல் மூடியிருந்த துணியைப் பார்த்தார். போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சிஸ்டர், அது வந்து..."

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது.

"சிஸ்டர், நான் அஜீசா பேசறேன். இன்னிக்கு வெட்ட ஆரம்பிச்சிடறோம். ஞாயித்துக்கிழமை காலைல நானே கொண்டுவந்து குடுக்கறேன்." வைத்துவிட்டாள்.

"எதை வெட்டுவே?" என்றார் சௌகத் அலி. "கத்திரிக்காயா?"

அஜீசா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் உங்க உங்க பாதியை அடிங்க. அடிச்சிட்டு சுவரைப் பாருங்க."

"மூணு தடவை பார்த்தாச்சுக்கா."

"பார்த்தீங்க. ஆனா பட்டனை யாரு அழுத்தினா? இந்தப் பொண்ணு. போன வருஷம் யாரு அழுத்தினா?"

முதலில் புரிந்தது நித்யஸ்ரீக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து ஜாகிருக்கு. சௌகத் அலிக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரியத் தொடங்கியதும், புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"நீயுமா ஒரு பூட்டு போட்டே?"

"உங்க ரெண்டு பூட்டுக்கும் பின்னால, சின்னதா ஒண்ணு."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"ரெண்டு முதுகு தெரிஞ்சுது. ரெண்டையும் கேட்டேன். வேணாம்னு ஒண்ணும் சொல்லல."

"காலைலயே சொல்லியிருக்கலாமேக்கா," என்றான் ஜாகிர்.

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? உன் பாதி இல்லாம என் பூட்டைத் திறந்து நான் என்ன பண்ண?" நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். "போர்டுல யாரு பேரு இருக்கு?"

சௌகத் அலியின் கண் தானாக வாசல் பக்கம் போனது.

"ராசியான பேருன்னு எழுதினீங்க. சந்தோஷம். ரப்பர் ஷீட்டுக்கு ஒட்டற சொல்யூஷன் தடவறது நான். வர்றவங்க கால் புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காம தட்டுல ஏத்தி நிறுத்தறது நான். பங்குன்னு வந்தா சரிபாதி உங்களுக்கு, சரிபாதி இவனுக்கு. இனிமே மூணு பங்கு. எனக்கு ஒண்ணு. சரின்னா அடிக்கிறேன்."

சௌகத் அலிக்குக் குழப்பம் கொஞ்சம் தெளிந்தது. இது அவருக்குத் தெரிந்த இடம். விலை சொல்லிவிட்டார்கள், இனி இறக்க வேண்டும்.

"அஜீசா, வூட்டுக்குள்ள எதுக்குப் பங்கு? என்னுது உன்னுதுதான?"

"அப்ப உங்க சரிபாதி முழுசும் என்னுது. எடுத்துக்கறேன்."

"இரு இரு. கால் பங்கு வெச்சுக்கலாம்."

"மூணுல ஒண்ணு."

"கால் பங்கு, அதோட வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கல்லாவுல நீ உட்காரு."

"கல்லாவுல தினமும் உட்காருவேன். மூணுல ஒண்ணு."

துணைக்கு ஆள் வேண்டும் என்று ஜாகிரைப் பார்த்தார் சௌகத் அலி. இவனுக்கும்தானே பாதி, மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால் கால் பங்குக்குக் கொண்டுவந்துவிடலாம். "நீ சொல்லு மாப்ளே."

"அக்கா கேட்டபடியே குடுத்துடலாம் மச்சான்," என்றான் ஜாகிர்.

"என்னடா?"

"கேட்டது நியாயம்தான?"

துணைக்கு வந்தவனே எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துவிட்டால் பேரம் அங்கேயே முடிந்தது. சௌகத் அலி கையை விரித்தார். அஜீசா நித்யஸ்ரீயைப் பார்த்து, "நீ சாட்சிம்மா" என்றாள்.

சௌகத் அலி அடித்தார். ஜாகிர் அடித்தான். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பின்னால் அஜீசாவின் வளையல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நித்யஸ்ரீ நிம்மதியாக மூச்சு விடும் சத்தம்.

திரும்பிப் பார்த்தால், மும்பையிலிருந்து கால்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று, இன்னொன்று, அடுத்தது. குதிகாலில் புண் உள்ளது, சுண்டுவிரல் இல்லாதது, ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, அழுத்தம் எங்கே அதிகம் என்று காட்டிக்கொண்டு ஒவ்வொரு பாதமும் ஸ்கிரீனில் வந்து நின்றது. அஜீசா எழுந்து போய் மெஷினின் துணியை உருவினாள். ஜாகிர் ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரப்பர் ஷீட்டைத் தூக்கிப் போட்டான். மெஷின் உறுமிக்கொண்டு முதல் பாதத்தை வெட்டத் தொடங்கியது.

"நான் மேல போறேன் ஆன்ட்டி, ஆபீஸ்ல தேடுவாங்க," என்று நித்யஸ்ரீ போனாள். கடையில் ரப்பர் வாசனை கிளம்பியது. மறுபடியும் கடை மாதிரி இருந்தது.

சௌகத் அலி மட்டும் கல்லாவில் உட்கார்ந்து மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது ரூபாய்க்கு வீட்டைவிட்டுப் போனவன். ஒரு பழைய குமாஸ்தாவைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்து, அந்த ஐம்பதை வசூல் பண்ணாமல் விடாதவன். அவன் பங்கில் அவ்வளவு பெரிய துண்டு வெட்டு விழுகிறது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அக்கா மேல் பாசமா? பாசம் இருக்கட்டும். பாசம் உள்ளவனும் ஒரு தடவையாவது இழுத்துப் பார்ப்பான்.

கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து சௌகத் அலி கவனித்த ஒன்று உண்டு. வாங்க வந்தவன் சண்டை போடுவான், குறை சொல்வான், படி வரைக்கும் போய்த் திரும்பி வருவான். விலையைக் கேட்டதுமே "சரிதான்" என்று சிரித்துத் தலையாட்டுகிறவன் பர்ஸை எடுக்க மாட்டான். அவன் வேறு கடையைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பான். காலையில் போனில் கேட்ட கூடுவாஞ்சேரி மார்க்கெட் இரைச்சல் மறுபடியும் அவர் காதில் விழுந்தது.

"மாப்ளே," என்றார். மெஷின் சத்தத்தில் இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருந்தது. "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றே?"

"நீங்க சொல்ற நேரத்துக்கு மச்சான்," என்றான் ஜாகிர், ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

இதற்கும் பேரம் இல்லை.